இடது கை அடி

அவளுடைய ஸ்டுடியோவில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இசைக்குழுவின் தலைவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவள் அவருடைய கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது தாளத்தோடு ஆடியது. அது ஆடும் வரை அண்ணனுக்கு வேலை இருக்கிறது.

அண்ணன் சோபாவின் விளிம்பில், பரீட்சை முடிவைப் பார்க்க வந்தவனைப் போல உட்கார்ந்திருந்தான். தன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இந்தக் குழுவுக்கு டிரம்ஸ் வாசிக்கிறவன். சில மாதங்களாக இடது கை சரியில்லை. சுளுக்கு என்றான். தூக்கத்தில் பிசகிவிட்டது என்றான். கிட்டார்காரன் போய்த் தலைவரிடம் போட்டுக்கொடுத்துவிட்டான்.

தலைவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. ரெக்கார்டிங்கைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். அடுத்த மாதம் ஊர் ஊராகக் கச்சேரிக்குக் கிளம்பும்போது டிரம்ஸுக்குப் பின்னால் யார் உட்காருவது என்பதைத்தான் சொல்வார்.

ரெக்கார்டிங் அவளிடம்தான் வந்தது. பாடகர்கள், வாத்தியங்கள் எல்லாவற்றையும் கலந்து பாட்டாக முடித்துக் கொடுப்பது அவள் தொழில்.

அண்ணன் வாசித்ததை மட்டும் தனியாகப் போட்டுக் கேட்டாள். வலது கை எப்போதும் போலத்தான். இடது கை ஓங்கி அடிக்க வேண்டிய இடங்களில் குச்சி டிரம்மைத் தடவிவிட்டுப் போனது. சில இடங்களில் அதுவும் இல்லை.

இதற்கென்றே ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறது. எங்கெல்லாம் அடி விழுந்திருக்கிறதோ அதைத் தானே கண்டுபிடித்து, அந்தச் சத்தத்தை எடுத்துவிட்டு, நாம் கொடுக்கிற நல்ல சத்தத்தை அங்கே வைத்துவிடும். ஊரில் எல்லோரும் செய்கிற வேலைதான். யாரும் இதைப் பாவம் என்று நினைப்பதில்லை.

ஆனால் தலைவருக்குப் பாம்புச் செவி. கடையில் வாங்கிய சத்தத்தை வைத்தால் முதல் வரியிலேயே பிடித்துவிடுவார். அதனால் அவள் அண்ணனுடைய பழைய ரெக்கார்டிங்குகளைத் தேடி எடுத்தாள். கை நன்றாக இருந்த காலத்தில் அவனே அடித்த அடிகளை, மெல்லியது, நடுத்தரம், ஓங்கியது என்று வெட்டி எடுத்து வைத்தாள். சாஃப்ட்வேரால் கண்டுபிடிக்க முடியாத இடங்களில் அவளே கையால் வைத்தாள்.

தாளம் இப்போதைய அண்ணனுடையது. பலம் மட்டும் பழைய அண்ணனுடையது.

இது பொய்யா என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். அண்ணனிடமும் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

பாட்டு முடிந்தது.

“கண்டவன் பேச்சைக் கேட்டிருக்கேன் பாரு,” என்றார் தலைவர். அண்ணனின் தோளைத் தட்டிவிட்டு, ஷூ போட்டுக்கொள்ள வெளி அறைக்குப் போனார்.

அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. சந்தோஷம்தான். திரும்பிப் பார்த்தால் அண்ணன் ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தான். அழுதுகொண்டே போனில் யாரையோ கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தான். ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லி, காத்திருக்கும்படி ஒரு பெண் கேட்டுக்கொண்டாள்.

“யார்கிட்டயும் சொல்லல பாப்பா. சுளுக்கு இல்ல, கழுத்துக்குள்ள கட்டி. நரம்பை அமுக்குதாம். கை மரத்துப்போச்சு, எவ்வளவு பலமா அடிக்கிறேன்னு எனக்கே தெரியல. கை இன்னும் மோசமாகுதுன்னா உடனே ஆபரேஷன், விட்டா கால் வரைக்கும் இழுத்துடும்னாங்க. நாளைக்கு வந்து சேரச் சொல்லியிருக்காங்க.” அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெரிய ஸ்பீக்கர்களைக் காட்டினான். “என் அடி எனக்குத் தெரியாதா? தானா சரியாயிட்டு வருது. வரலன்னு சொல்லிடுறேன்.”

அவள் வாயைத் திறந்தாள். நீ கேட்டது நீ இல்லை என்று எப்படிச் சொல்வது? சொன்னாலும் நம்பமாட்டான். பயந்து செத்துக்கொண்டிருந்தவன் கைக்கு வந்த நல்ல சேதியை எப்படி விடுவான்?

போனில் காத்திருப்பு இசை ஓடிக்கொண்டிருந்தது.

அவள் திரும்பி, சாஃப்ட்வேரையும் தான் கையால் வைத்த அடிகளையும் அணைத்தாள். மற்ற வாத்தியங்களை எல்லாம் நிறுத்தினாள். டிரம்ஸை மட்டும் முதலிலிருந்து போட்டாள்.

வலது கை வந்தது. அடுத்து வர வேண்டியது வரவில்லை. மறுபடி வலது கை. பிறகு குச்சி தோலில் உரசும் சத்தம். அது நொண்டிக்கொண்டே அறை முழுக்க நடந்தது.

அண்ணன் முதலில் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். யாரோ கற்றுக்குட்டி என்று நினைத்திருப்பான். வரி முடிகிற இடத்தில் காலால் மிதித்து அடிக்கும் டிரம்மின் அடி ஒன்று கொஞ்சம் தாமதமாக விழுந்தது. அப்படித் தாமதிப்பது அவன் பழக்கம். வேறு யாருக்கும் அது வராது.

சிரிப்பு நின்றது.

“சொல்லுங்க சார்,” என்றது போன். “நாளைக்கு வர்றீங்கதானே?”

அவன் பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. இன்னும் ஒரு வரி கேட்டான்.

“வர்றேம்மா,” என்றான்.

அவள் பாட்டை நிறுத்தினாள். அண்ணன் பிழைத்துக்கொள்வான் என்று நினைத்தாள். அது ஒன்றைத்தான் நினைத்தாள்.

அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால், திறந்திருந்த கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளி அறையில் தலைவர் ஒரு காலில் ஷூவோடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. பிறகு குனிந்து இன்னொன்றையும் போட்டுக்கொண்டார். வாசல் கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனார்.

“அவர் போனதுக்கப்புறம் போட்டிருக்கலாமே, பாப்பா,” என்றான் அண்ணன்.

அவளுக்கு அது தோன்றவே இல்லை.