கூறை இடிந்த செய்தி

"உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்றவன் யாருன்னு இன்னுமா தெரியல உனக்கு?"

கதவைச் சாத்திவிட்டுத்தான் ஆசிரியர் கேட்டார். நிருபர் மேசை மேல் கிடந்த வக்கீல் நோட்டீசையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு திறந்து எட்டு மாசம்கூட ஆகவில்லை, கூரை பொத்தென்று விழுந்துவிட்டது. கட்டியவர் மந்திரியின் மச்சான். டெண்டர் எடுத்த விதம் முதல் கம்பி போடாமல் விட்டது வரைக்கும் தோண்டித் துருவி அவள் எழுதிவிட்டாள். ஆனால் இரண்டு வாரமாக அது அச்சேறவில்லை. பத்திரிகை அச்சுக்குப் போவதற்கு முன்பே, அவள் எழுதிய வரியை அப்படியே எடுத்துப்போட்டு மந்திரியின் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிடுகிறார். வழக்கு வருமே என்று முதலாளியம்மா பயந்து நிறுத்திவிடுகிறார்.

"அச்சுக்கு முன்னாடி பார்க்கிறது மூணே பேர். நீ, நான், அந்த ஒற்று."

ஒற்று என்றால், அங்கே பிழை திருத்துகிறவர். க், ச், த், ப் ஒன்று விட்டுப்போனாலும் சிவப்புப் பேனாவோடு வந்து நிற்பார். இருபத்தெட்டு வருஷமாக ஆபீசில் அதுதான் அவருக்குப் பெயர்.

"ஒற்று, ஒற்றுன்னு கூப்பிட்டோம். ஒற்றனாவே ஆயிட்டான் பாரு" என்றார் ஆசிரியர். "செவ்வாக்கிழமை மந்திரி மச்சானோட பச்சைக் கார்லேர்ந்து இறங்கினான். என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

நிருபர் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"அப்ப ஒரு பொறி வைக்கலாம் சார். நாளைக்கு அவருக்குப் போற தாள்ல மட்டும், 'கூரை'ங்கிற இடத்துல பெரிய 'ற' போட்டு 'கூறை'ன்னு வெச்சிடறேன். உங்களுக்கு வர்ற தாள்ல சரியா இருக்கும். நோட்டீஸ்ல 'கூறை'ன்னு வந்தா..."

"ஆஸ்பத்திரியில கல்யாணப் புடவை இடிஞ்சு விழுந்துச்சுன்னா?" ஆசிரியர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சரி, அவன் திருத்திட்டான்னா?"

"திருத்தினா அவர் பழைய ஒற்று. திருத்தாம விட்டா, மனசு வேற எங்கேயோ இருக்குன்னு அர்த்தம்."

மறுநாள் காலையில் தாளைக் கொண்டுபோய் ஒற்று ஐயாவின் மேசையில் வைத்தாள்.

"ஐயா, செவ்வாக்கிழமை கார்ல வந்தீங்களாமே?"

"காரா? எனக்கு பஸ்சுலேயே குமட்டும்." அவர் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "யாரு சொன்னது?"

"சும்மா, பேசிக்கிட்டாங்க."

ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தார். அவள் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'மருத்துவமனையின்' என்பதைத் தாண்டியது. அடுத்த சொல்லையும் தாண்டியது. எங்கேயும் நிற்கவில்லை. சிவப்புப் பேனாவின் மூடியைக்கூட அவர் கழற்றவில்லை.

"சுத்தமா இருக்கும்மா. ஒரு பிழை இல்ல."

"ஒண்ணுகூடவா? நல்லாப் பாத்தீங்களா?"

"இதென்னடா புதுசா இருக்கு! என் கண்ணு மேலேயே சந்தேகமா?" வழக்கம்போலத் தாளின் ஓரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஆசிரியரிடம் போய் அதை அப்படியே சொன்னாள்.

"தாள்ல ஈ உக்காந்தாலே புள்ளி அதிகம்னு சுழிக்கிற ஆளு! இதைப் போய் விட்டுட்டானா? மாட்டினான்!" என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நோட்டீஸ் வந்தது. ஆசிரியர் முதலாளியம்மாவை வரவழைத்தார். ஒற்று ஐயாவையும் நிறுத்தி வைத்துக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

"'மருத்துவமனையின் கூறை இடிந்து விழுந்ததாக...' பாருங்கம்மா, பெரிய 'ற'! இந்தப் பிழை இவன்கிட்ட போன தாள்ல மட்டும்தான் இருந்தது. நிருபர் வெச்ச பொறி இது."

"கூறையா?" ஒற்று ஐயாவுக்கு முகம் வெளிறிவிட்டது. "அப்படி ஒரு பிழை என் கண்ணைத் தாண்டிப் போகாதும்மா."

"பின்னே, எந்தத் திருடன் ஒத்துக்குவான்?"

முன்கூட்டியே டைப் அடித்து வைத்திருந்த கடிதத்தை ஆசிரியர் நீட்டினார். ஒற்று ஐயா வாங்கிப் படித்தார். சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"'பணிநீக்கம் செய்யப் படுகிறீர்கள்'னு பிரிச்சுப் போட்டிருக்கீங்க சார். 'செய்யப்படுகிறீர்கள்', சேர்த்துதான் எழுதணும்." திருத்திவிட்டு முதலாளியம்மா பக்கம் திரும்பினார். "பிழை விட்டுட்டேன்னு சொல்லுங்கம்மா, போயிடறேன். வித்துட்டேன்னு மட்டும் சொல்லாதீங்க."

முதலாளியம்மா தலை குனிந்துகொண்டார். பிறகு நிருபரைப் பார்த்தார். "பொறி வெச்சவ நீ. நீ என்னம்மா சொல்ற?"

"மந்திரி மச்சானை மூணு மாசமா விசாரிக்கிறேன்மா. அவர்கிட்ட பச்சைக் கார் இருக்குன்னு எனக்கே தெரியாது. ஐயா அதுலேர்ந்து இறங்கினார்னு சொன்ன சாருக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு."

ஆசிரியர் கையிலிருந்த நோட்டீசை மெல்ல மடித்தார்.

நிருபர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து முதலாளியம்மா முன்னால் வைத்தாள். ஓரத்தில் ஒற்று ஐயாவின் சிவப்புக் கையெழுத்து இருந்தது.

"பிழை இல்லைன்னு ஐயா சொன்னது நிஜம்மா. பாருங்க, 'கூரை'தான். அந்தப் பிழையை நான் எந்தத் தாள்லயும் போடவே இல்ல. சார் காதுல மட்டும்தான் போட்டேன்."