முயல் தீனி

“அந்தத் தட்டுல கை வைக்காதே. அது உனக்கில்ல.”

எர்மானோ நீட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். மேசையில் அவருக்கு எதிரே இருந்த காலி நாற்காலியின் முன்னால், வீட்டிலேயே முட்டை போட்டு மாவு பிசைந்து நாடாவாக வெட்டிய பாஸ்தா ஆவி பறக்க இருந்தது. மேலே இறைச்சிக் குழம்பு, அதற்கும் மேலே தாராளமாகத் துருவிப் போட்ட சீஸ். அவர் முன்னால் இருந்ததோ பச்சைப் பசேலென்று ஒரு சுருள் குவியல்.

அது சுக்கினி, வெள்ளரிக்காய் மாதிரி ஒரு காய். பென்சில் சீவுகிற மாதிரி ஒரு கருவியில் காயைச் செருகித் திருகி, அவர் மனைவி டெல்ஃபினா அதை நீள நீளமாக இழுத்துவிடுவாள். சில மாதங்களாக இந்த வீட்டில் அதற்குத்தான் பாஸ்தா என்று பெயர்.

“செத்தவங்களுக்கு விருந்து. உயிரோட இருக்கறவனுக்கு முயல் தீனி. நல்லா இருக்கு உன் நியாயம்!”

“எந்த முயலுக்காவது சர்க்கரை வந்து பாத்திருக்கியா?” என்றாள் டெல்ஃபினா. “டாக்டரம்மா படிச்சுப் படிச்சு சொன்னாங்கல்ல? இதுல மாவுச்சத்து பேருக்குத்தான் இருக்கு. வயிறும் ரொம்பும், சர்க்கரையும் எகிறாது. திங்கக்கிழமை ரத்தம் எடுக்கறப்ப குறையலேன்னா காலை எடுத்துடுவாங்க, எர்மானோ. விரல் போனதோட நிக்கட்டும்.”

எர்மானோ கட்டுப் போட்ட பாதத்தை நாற்காலிக்குக் கீழே இழுத்து மறைத்துக்கொண்டார்.

அவருடைய அண்ணன் ஒரேஸ்தேவுக்கும் அப்படித்தான் தொடங்கியது. முதலில் விரல், பிறகு பாதம், பிறகு கண். கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர், கடைசிவரை இந்த மேசையில், இதோ இந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார். அவரையும் சுக்கினி சாப்பிடச் சொன்னபோது, அதற்கு முயல் தீனி என்று பெயர் வைத்தவரே அவர்தான். “பாஸ்தா இல்லாம நூறு வருஷம் யாருக்கு வேணும்? பாஸ்தாவோட பத்து வருஷம் போதும்” என்பார். கேட்ட பத்தில் இரண்டுகூடக் கிடைக்கவில்லை.

ஞாயிறு தவறாமல் அவருக்கு மாவு பிசைந்து போட்டவள் டெல்ஃபினா. ‘இன்னும் கொஞ்சம் வை’ என்று அவர் தட்டை நீட்டியபோதெல்லாம் வைத்தவளும் அவள்தான்.

அந்தப் பக்கத்து ஊர்களில் நவம்பர் முதல் தேதி சாயங்காலம் இறந்தவர்களுக்கு மேசையில் சாப்பாடு வைத்துவிட்டு, கதவைப் பூட்டாமல், குடும்பத்தோடு கல்லறைக்குக் கிளம்பிவிடுவார்கள். இறந்தவர்கள் வந்து சாப்பிடுகிற நேரத்தில் உயிரோடு இருப்பவர் யாரும் உள்ளே இருக்கக்கூடாது. இந்த வருஷம் எர்மானோவால் கல்லறை இருக்கும் அந்த மேட்டில் ஏற முடியாது.

“யாராச்சும் வந்தா நிமிர்ந்து பாக்காதே. உன்னோடதைச் சாப்பிட்டுட்டுப் பேசாம இரு.”

“யாரு வரப்போறா? நீ வர்றதுக்குள்ள இந்தப் பாஸ்தா ஆறிடும். அவ்வளவுதான்.”

அவர் கண் இன்னும் அந்தத் தட்டின் மேலேயே இருந்தது. இந்த மனுஷனைத் தனியே விட்டுப் போக டெல்ஃபினாவுக்கு மனசே இல்லை. ஆனாலும் சாமந்திக் கொத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டு நடந்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் எல்லோருடைய மெழுகுவத்தியும் நின்று எரிந்தது. ஒரேஸ்தேவுக்கு ஏற்றியது மட்டும் ஏற்ற ஏற்ற அணைந்தது.

“வீட்டுக்குப் போய் சாப்பிடு, ஒரேஸ்தே. உனக்குப் பிடிச்சதைத்தான் செஞ்சு வச்சிருக்கேன்” என்று கல்லைத் தடவிக்கொண்டே சொன்னாள். “ஆனா திரும்பி வர்றப்ப உன் தம்பியைக் கூடக் கூட்டிட்டு வந்துடாதே.”

சொன்ன மாத்திரத்தில் கையைக் கல்லிலிருந்து எடுத்துவிட்டாள். கல்லுக்குக் கீழே யாரும் இல்லை என்று தோன்றியது. பூவை அப்படியே வைத்துவிட்டு ஓட்டமும் நடையுமாக இறங்கினாள்.

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது.

சமையலறையில் எர்மானோ தன் இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். டெல்ஃபினா முதலில் பார்த்தது பாஸ்தாவை. குழம்பின் மேல் கொழுப்பு உறைந்திருந்தது; ஓர் இழைகூடக் குறையவில்லை. பிறகு சுக்கினித் தட்டைப் பார்த்தாள். கழுவி வைத்ததுபோல் காலியாக இருந்தது.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

“முழுசாவா? எதிர்ல பாஸ்தாவை வச்சுக்கிட்டா? தினமும் பாதியை நாய்க்குப் போடற மனுஷனா இது!”

துணியில் சுற்றியபடியே கிடந்த அவருடைய முள்கரண்டியை எடுத்து இழுப்பறைக்குள் போட்டாள். மேசையைத் துடைத்தாள். வாய் மட்டும் ஓயவில்லை.

“இப்படியே சாப்பிட்டேன்னா சர்க்கரை தானா இறங்கிடும். காலும் தப்பிச்சிடும். அடுத்த வருஷம் ரெண்டு பேருமா மேடேறிப் போய் அவருக்குப் பூ வைக்கலாம், சரியா?”

குனிந்து அவர் நெற்றியில் முத்தமிட்டாள். நெற்றி வியர்த்துச் சில்லென்றிருந்தது. அவர் அவளைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் சாப்பிடல, டெல்ஃபினா... அண்ணன் பாஸ்தாவைத் தள்ளி வச்சிட்டு, என் தட்டை எடுத்துக்கிட்டாரு.”