முகம் வரையாத சிவப்பு கவுன்காரி

மனைவி துப்பறியும் நாவல்களுக்கு அட்டைப்படம் வரைகிறாள் என்பதில் அவனுக்கு ஏகப் பெருமை. அட்டையில் கிடக்கும் பிணத்துக்குத் தன் முகம் இருப்பதைக் கவனிக்கும் வரைதான்.

போன மாதம் முதுகில் கத்தி. அதற்கு முந்தைய மாதம் கழுத்தில் கயிறு. அதே முன்வழுக்கை, அதே கட்டம் போட்ட சட்டை.

அதன் பிறகு குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தாலே அவன் தட்டைத் தள்ளி வைத்தான். அவள் கொடுக்கும் காபியைத் திருட்டுத்தனமாக வாஷ்பேசினில் ஊற்றினான்.

இந்த மாதப் படத்தில், வாயில் நுரையோடு, கவிழ்ந்த காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் கிடந்தான். அதற்கு மேல் அவனால் பொறுக்க முடியவில்லை.

"என் மேல அப்படி என்ன கோபம் உனக்கு? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "கோபமா? மாடலுக்கு ஆள் வெச்சா நமக்குக் கட்டுப்படியாகுமா? ஆபீஸ் விட்டு வந்ததும் வாயைப் பொளந்துக்கிட்டு சோபாவுல தூங்குறீங்க. நிஜப் பொணம்கூட அவ்வளவு தத்ரூபமா கிடக்காது!"

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மேஜையில் இருந்த காபியை ஒரே மூச்சில் குடித்தான்.

"அப்போ படத்துல விஷப் புட்டியோட நிக்கிறவ?"

"நான்தான். கண்ணாடியைப் பார்த்து வரைஞ்சேன்."

"அலறிக்கிட்டு ஓடி வர்ற சிவப்பு கவுன்காரிக்கு இன்னும் முகமே போடலையே?"

"அதை உங்களைத்தான் கேக்கணும்னு இருந்தேன்," என்றபடி அவள் பென்சிலைச் சீவினாள். "நேத்து மழையில உங்ககூட ஒரே குடையில வந்தாளே, தூரத்துலேர்ந்து முகம் சரியா தெரியல. மூக்கு கூரா இருக்குமா, சப்பையா?"