அண்ணன் கொடுக்காதது

“கிட்னியா கேட்டேன் அண்ணி? காலையில தண்ணி ஊத்திட்டு வர்றதத்தானே கேட்டேன். அதக்கூடக் குடுக்க அண்ணனுக்கு மனசு வரலையா?”

அடையாறு ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுருண்டு கிடந்த மர்சலினுக்கு ஆத்திரத்தில் மூச்சு வாங்கியது. அண்ணி ஜொவிட்டா தலையைக் குனிந்தபடி போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள்.

மர்சலினுக்குப் பெருங்குடல் முழுக்கப் புண். சாந்தோம் பள்ளிக்கூடத்தில் ஒரு பீரியட் சேர்ந்தாற்போல் நின்று பாடம் நடத்தி வருஷமாகிறது. ஸ்டீராய்டுக்கும் புண் கேட்கவில்லை; விலை கூடிய ஊசிகளுக்கும் கேட்கவில்லை.

“ஆரோக்கியமா இருக்கிற சொந்தக்காரர் ஒருத்தரோட மலத்தச் சுத்தம் பண்ணி உங்க குடல்ல செலுத்திப் பாக்கலாம். உறுதி சொல்ல மாட்டேன். இல்லன்னா பெருங்குடலையே எடுத்துட்டு மலம் சேர வயித்துல ஒரு பை வைக்கணும்” என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்படியும் ஒரு தானம் உலகத்தில் இருப்பது அவளுக்கு அன்றுதான் தெரியும்.

அப்பா அம்மா போனபின் அவளுக்கு இருந்த ஒரே சொந்தம் ஆம்ப்ரோஸ் அண்ணன். “எங்கிட்ட தாராளமா இருக்கிறது அது ஒண்ணுதான், எடுத்துக்கோ” என்று சிரித்தபடி டெஸ்டுக்குப் போனவர், முடியாது என்று அண்ணியிடம் சொல்லியனுப்பிவிட்டார். அப்புறம் இந்தப் பக்கம் தலைகாட்டவே இல்லை.

“அவர் மேல தப்பில்ல மர்சி. நான்தான் வேணாம்னேன்” என்றாள் ஜொவிட்டா. “எனக்கு அருவருப்பா இருந்துச்சு.”

“நல்லா இருங்க. இனிமே ரெண்டு பேரும் என் கண்ணுல படாதீங்க.”

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது வயிற்றில் பை தொங்கியது. அதைப் பார்க்கவே பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

வரவேண்டாம் என்று சொல்லியும் ஜொவிட்டா தினமும் வந்தாள். நர்ஸுக்குக்கூடக் காத்திராமல், பை நிறைய நிறையத் தானே காலி செய்து துடைத்துவிட்டாள். ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை. மர்சலினுக்கு ஒன்றும் புரியவில்லை.

“அருவருப்புன்னீங்களே அண்ணி?”

ஜொவிட்டா பையைத் திரும்ப மாட்டிவிட்டுக் கை கழுவப் போனாள்.

“அண்ணன் ஒருநாள் எட்டிப் பாக்கக்கூடாதா? அவ்ளோ கல்நெஞ்சா?”

ஜொவிட்டா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“நீ தேறுற வரைக்கும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தார். உனக்குக் குடுக்கறதுக்காக எடுத்த டெஸ்ட்லதான் தெரிஞ்சது. அவர் குடல்ல கேன்சர், கல்லீரல் வரைக்கும் போயிடுச்சு. இதே ஆஸ்பத்திரியில மேல் மாடியிலதான் இருக்கார் மர்சி. நீ எழுந்து நடந்து வர்ற வரைக்கும் தாக்குப்பிடிச்சுடுவேன்னு சொல்லிக்கிட்டே இருக்கார்.”