டிரைவரிடம் பேசக் கூடாது

"அவனைத் தூக்கணும். இந்த வாரமே தூக்கணும்" என்றார் நார்மன், பின்சீட்டிலிருந்து, வண்டி முழுக்கக் கேட்கும்படி.

ரசிகர்களை ஏற்றிய வேன் மலைப்பாதையில் முக்கி முக்கி ஏறிக்கொண்டிருந்தது. கடற்கரை ஊருக்குப் போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்புகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். வெளியே மழை. உள்ளே நனைந்த கம்பளி வாடையும், பொரித்த மீனுக்கு ஊற்றிய வினிகர் வாடையும்.

தோர்ன்கில் ரக்பி அணி இந்த வசந்தகாலம் தொடங்கியதிலிருந்து ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. இன்றைக்கும் இல்லை.

மேவிஸ் டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். ரசிகர் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. புறப்படும்போது கிளப் தலைவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு விஷயம் கேட்டிருந்தார். கோச்சை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா? உங்கள் ஆட்கள் சொல்கிறபடியே செய்கிறேன், நாளைக்குப் பதில் சொல்லுங்கள்.

எந்தப் பக்கம் நிற்பது என்று அவளுக்கே இன்னும் தெரியவில்லை.

பாதிக் கூட்டம் மைதானத்துக்கு வருவதையே விட்டுவிட்டது. இப்படியே போனால் கிளப்பை மூட வேண்டியதுதான். அதற்காக அனுப்பிவிடலாம் என்றால், கோச் ஒன்றும் வேற்று ஊர்க்காரன் இல்லை. அவள் தெருவில் பிறந்தவன். இதே அணியில் ஆடிய காலத்தில், உடைந்த மூக்கைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் முட்டப் போன பிள்ளை. அவனுக்காகக் கத்திக் கத்தியே அவள் தொண்டை கரகரத்துப் போனது.

"எதிராளி அஞ்சு தடவை மடக்கிட்டானா, ஆறாவது மடக்கறதுக்குள்ள பந்தை உதைச்சுத் தள்ளணும், இல்லன்னா பந்து அவன் கைக்குப் போயிரும். இது தொட்டில்ல கெடக்கற புள்ளைக்குக்கூடத் தெரியும்!" நார்மன் விடுவதாக இல்லை. "இவன் பசங்க என்னடான்னா பந்தைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு ஓடறானுங்க, கடைக்குப் போய் பால் வாங்கிட்டு வர்ற மாதிரி."

வேனே சிரித்தது. பெரில் மட்டும் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரிச் சமையலறையில் பெரிய அண்டாக்களோடு மல்லுக்கட்டுகிறவள் அவள். நார்மனோடும் மல்லுக்கட்டுவாள்.

"ஆமா, நீங்க ஆடுனப்ப கிழிச்சீங்க. நம்ம அணியில கூரை போடற பையனுக்குத் தோள் எறங்கிப் போச்சு. ரெண்டு பேருக்கு ஆலையில ஷிஃப்ட் மாத்தித் தரல. இருக்கறதை வச்சுத்தானே ஆட முடியும்? கோச் என்ன மந்திரவாதியா?"

"மந்திரவாதி வேணாம்மா. எண்ணத் தெரிஞ்சவன் போதும்."

மறுபடியும் சிரிப்பு.

இந்த வேனில் ஒரு வழக்கம் உண்டு. ஏறும்போது டிரைவருக்கு ஒரு வணக்கம். இறங்கும்போது ஒரு நன்றி. நடுவில் யாரும் அவனிடம் பேசுவதில்லை, அவனும் வாய் திறப்பதில்லை. போன வருஷம் ஒருமுறை பேச்சு முற்றி, வண்டி பாதி வழியில் ஓரமாக நின்றுவிட்டது. அன்றைக்குப் போட்ட ஒப்பந்தம்.

"சரி, போதும்." மேவிஸ் பின்பக்கம் திரும்பினாள். "சண்டை போட்டது போதும், கையைத் தூக்குங்க. கோச் இருக்கணும்கறவங்க?"

ஐந்து கை.

"போகணும்கறவங்க?"

நார்மன் இரண்டு கையையும் தூக்கினார். பெரில் எட்டி ஒன்றைப் பிடித்து இறக்கினாள். எண்ணிப் பார்த்தால் அதுவும் ஐந்து.

எல்லார் கண்ணும் மேவிஸ் மேல் வந்து நின்றது. அவள் கைதான் மிச்சம்.

அப்போதுதான் முன்னால் இன்னொரு கை எழுந்தது.

டிரைவரின் இடது கை. ஸ்டியரிங்கை விட்டு மெதுவாக எழுந்து, தோள் உயரத்தில் நின்றது. போகணும் என்கிறவர்களின் பக்கம்.

"ஆறு" என்று கத்தியிருக்க வேண்டிய நார்மன் வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேவிஸ் சீட்டுக்கு மேலே எட்டி அந்தக் கையைப் பிடித்தாள். சில்லென்றிருந்தது. இறக்கித் திரும்ப ஸ்டியரிங் மேல் வைத்தாள்.

"வண்டி ஓட்டறவன் கை கணக்குல வராது, காலின். பாதையைப் பாரு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உன் பசங்க பயிற்சிக்கு மைதானத்துல வந்து நிப்பானுங்க. நீ சொல்லிக் குடுக்காம வேற யாரு சொல்லிக் குடுப்பா, கண்ணு?"

சொல்லிவிட்டுத் தன் கையைத் தூக்கினாள். இருக்கணும் என்கிற பக்கம்.

வாரம் முழுக்கப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன் காலின். ஞாயிற்றுக்கிழமை அவன்தான் கோச். ஆட்டம் முடிந்ததும், அணிச் சட்டையை மாற்றிக்கொண்டு, அவனைத் திட்டித் தீர்த்தவர்களையெல்லாம் அவனே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவான். அந்த ஊரில் வேன் ஓட்ட வேறு ஆள் இல்லை.

வண்டி மலை உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கியது. வளைவுகளில் ஒரு குலுக்கல் இல்லை.

நார்மன் பெரில் பக்கம் சாய்ந்தார்.

"ஓட்டறது மட்டும் நல்லாத்தான் ஓட்டறான், படுபாவி" என்றார். அன்றைக்கு அந்த ஒன்றை மட்டும், டிரைவர் காதில் விழுந்துவிடாதபடி.