துரைக்காகச் சாகிறவள்

யுத்த நிதிக்காகப் போடுகிற நாடகம் என்பதால், பலவேசம் வாத்தியார் ஒரு பழைய இங்கிலீஷ் நாவலை எடுத்துக் கொஞ்சம் மாற்றியிருந்தார். ஆப்பிரிக்கக் காடு பர்மாவானது. காட்டுமிராண்டிகள் ஜப்பான்காரர்களானார்கள். துரைக்காக மார்பில் குண்டு வாங்கிச் சாகும் காட்டுப்பெண்ணை மட்டும் அவர் தொடவில்லை. அந்த வேஷம் தனபாக்கியத்துக்கு.

அவள் புருஷன், ஜப்பான்காரர்கள் பர்மாவுக்குள் நுழைந்தபோது ரங்கூனிலிருந்து ஊருக்கு நடந்தே கிளம்பியவன். வெள்ளைக்கார அதிகாரிகள் நல்ல பாதையைத் தங்கள் ஆட்களுக்கு ஒதுக்கிவிட்டு மற்றவர்களை மலைக்காட்டுக்குள் திருப்பிவிட்டார்கள். அவன் வந்து சேரவில்லை.

"அந்தச் சாவை மாத்துங்க வாத்தியாரே," என்று ஒத்திகையில் கேட்டாள்.

"அதுலதாம்மா ஜனங்க அழுவாங்க. கதையைக் கேட்ட கலெக்டர் துரைக்கும் அந்தக் கட்டம்தான் பிடிச்சிருக்கு."

"பர்மாக் காட்டுல யாரு யாரால செத்தாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"

வாத்தியார் பாட்டைத் தொடங்கும்படி ஆர்மோனியக்காரருக்குக் கையைக் காட்டினார்.

நாடகத்தன்று கலெக்டர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஜப்பான்காரன் துப்பாக்கியைத் தூக்கியதும் தனபாக்கியம் ஓடி வந்தாள். துரை வேஷம் கட்டிய மாசிலாமணிக்கு முன்னால் வந்தவள், சட்டென்று ஒதுங்கிக்கொண்டாள். வெடி வெடித்தது. மாசிலாமணி திருதிருவென்று விழித்தான்.

"விழு பாக்கியம்," என்று பல்லைக் கடித்தான்.

"குண்டு உங்களுக்கு வந்தது," என்றாள், கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில். "நீங்க விழுங்க துரை!"

தரை டிக்கெட்டில் யாரோ கைதட்டினார்கள். பிறகு கொட்டகையே கத்தியது: "விழு! விழு!"

கலெக்டர் எழுந்து நின்றார். மாசிலாமணி மெல்ல முழங்காலை மடக்கினான்.