ரோசியின் குரல்

குடிசைகளைக் காலி செய்ய வந்த வண்டியின் ஒலிபெருக்கியில் ரோசியின் குரல் பாடியது. "சாமான எடுத்துக்கினு கெளம்புங்க, என் சனங்களே!" அதை நம்பிப் பாதித் தெரு மூட்டை கட்டிவிட்டது. ரோசியோ தன் கானாப் பாட்டுக் குழுவில் டோலக் அடிக்கும் தேசிங்கின் பக்கத்தில், தெருவில்தான் நின்றிருந்தாள்.

தேசிங்கு அவளிடம் கத்தினான். "கம்பெனிக்குக் குரல விக்காதன்னு தலபாடா அடிச்சிக்கினேனே!"

"சோப்பு விளம்பரத்துக்குன்னுதான் கேட்டாங்க. துட்டப் பாத்ததும் குடுத்துட்டேன். இப்ப அத்த வச்சி நான் பாடாததெல்லாம் மிஷினு பாடுதே!"

"இப்ப அத்தவிட சத்தமா பாடு. போவாதீங்கன்னு பாடு!"

தேசிங்கு டோலக்கை ஓங்கி அடித்தான். ரோசி அடிவயிற்றிலிருந்து முதல் வரியை எடுத்ததுமே வண்டி நின்றது.

"யாரது, எங்க கம்பெனி குரலத் திருடிப் பாடறது?" என்று ஒலிபெருக்கியிலிருந்து அதட்டியது ரோசியின் குரல்.